மேடையில் வியோலா கூடாது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததிலிருந்து நீவெஸ் அந்த எட்டு ஆவர்த்தனத்தையும் சுமந்துகொண்டே அலைந்தாள். பல் தேய்க்கும்போது அது வாயில் இருந்தது. ரொட்டியில் அத்திப்பழ ஜாம் தடவும்போது கத்தி முனையில் இருந்தது. மாலை ஆறு மணிக்கு ரோக்காமூத்தாவின் பழைய தேவாலயத்தில், நூறு பேர் பார்த்திருக்க, நாலு பேர் சேர்ந்து வாசிக்கப்போகும் இசை அவளுடைய வியோலாவில்தான் தொடங்குகிறது. முதல் எட்டு ஆவர்த்தனம் அவள் மட்டும். மற்ற மூன்று பேரும் வில்லை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

வியோலாக்காரிக்கு இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம். வயலினைவிட ஒரு சுற்றுப் பெருத்த கருவி, குரலும் கொஞ்சம் தடித்தது. மேலே வயலின் கொஞ்சும், கீழே செல்லோ உருகும், நடுவில் வியோலா உழைக்கும். ஃபொலிஞோ நகரத்து அமெச்சூர் வாத்தியக் குழுவில் நீவெஸ் இருபத்திரண்டு வருஷமாகக் கடைசி வரிசை. ஒருமுறை கச்சேரி முழுவதையும் கேட்டு முடித்த அவள் அம்மா, வாசலில் அவளைப் பார்த்து, "அட, நீயும் வந்திருந்தியா?" என்று கேட்டிருக்கிறாள். தொழில் என்று பார்த்தால் நீவெஸ் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அந்த வட்டாரத்தில் ஸ்டியரிங் பிடித்தவர்களில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கியவர்கள்தான்.

ரோக்காமூத்தா இப்போது ஊர் இல்லை, அனுபவம். அப்படித்தான் அதன் சொந்தக்காரர் உபால்தோ செர்க்குவெத்தி சொல்வார். குளியலறைக் குழாய் செய்து பணக்காரரானவர். ஜனங்கள் விட்டுப்போன மலையூரை மொத்தமாக வாங்கி, கல் கல்லாகத் துடைத்து, 1320-ஆம் வருஷத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். தரைக்கு அடியில் மட்டும் வெந்நீர்க் குழாய் ஓடியது. இஞ்சினியர் படிப்பை அவர் முடித்தாரா என்று யாரும் கேட்டதில்லை, எல்லாரும் "இஞ்சினியரே" என்றுதான் கூப்பிட்டார்கள். வீடுகளுக்குப் பழைய தொழில்களின் பெயர். நீவெஸ் தங்கியிருந்தது 'தோல் பதனிடுபவன் வீடு'. அந்த ஆள் உயிரோடு திரும்பி வந்திருந்தால் லாவெண்டர் வாசனை தாங்காமல் மயங்கி விழுந்திருப்பான்.

வருஷத்துக்கு ஒரு வாரம் இங்கே இசைக் கூடல். மிலானோவிலிருந்தும் ரோமிலிருந்தும் நோட்டரிகள், பல் டாக்டர்கள், வரி வக்கீல்கள் எல்லாம் வாத்தியப் பெட்டியோடு வந்து இறங்குவார்கள். நுழைவாயிலில் ஒரு பிரம்புக் கூடையில் கைபேசியைப் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். தன்னைத் தானே சந்திக்கத்தான் இந்த ஏற்பாடு என்று இஞ்சினியர் விளக்குவார். சந்தித்தவர்கள் இரண்டாம் நாளே கூடையைச் சுற்றி நடமாட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்த வருஷம் சொல்லிக்கொடுக்க வந்திருப்பவர் மாயெஸ்த்ரோ குவால்தியேரோ பிராந்தி. எழுபது வயது. கைபேசி என்ற சாமானையே தொட்டதில்லை. கடைசி நாள் கச்சேரியில் அவரே முதல் வயலின் வாசிப்பார், கூட வாசிக்க மூன்று பேரைப் பொறுக்கி எடுப்பார். இரண்டாம் வயலினுக்குப் பல் டாக்டர் தோஸ்கா, செல்லோவுக்கு நோட்டரி எர்மான்னோ, வியோலாவுக்கு நீவெஸ். பெயரைப் படித்தபோது நீவெஸ் பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு நீவெஸ் யாராவது நிற்கிறாளா என்று.

இன்று காலை மாயெஸ்த்ரோ வானொலிப் பேட்டி ஒன்றுக்காகப் பெருஜியா போயிருந்தார். ஐந்தரைக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

மத்தியானம் எல்லாரும் நீள மேஜையில் பாஸ்தாவைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சமையல்காரி ஆர்ஜியா ஒரு சீட்டைக் கொண்டுவந்து இஞ்சினியரிடம் கொடுத்தாள். ஊரிலேயே ஒரே தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது. இஞ்சினியர் சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகத்தில் புன்னகை வந்தது. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும்: ஏதாவது புரியாவிட்டால் அவர் புன்னகைப்பார். எவ்வளவு புரியவில்லையோ அவ்வளவு அகலம்.

கரண்டியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினார். "நண்பர்களே, மாயெஸ்த்ரோ பெருஜியாவுலேருந்து போன் பண்ணியிருக்கார். 'மேடையில வியோலா கூடாது. இருந்தா நான் ஏறமாட்டேன்.' அவ்வளவுதான்."

இருபது முள்கரண்டிகள் அந்தரத்தில் நின்றன. இருபது தலைகள் நீவெஸ் பக்கம் திரும்பின.

"அப்படின்னா நாலு பேர் கச்சேரி மூணு பேரா?" என்று தோஸ்கா கேட்டாள்.

தனக்கும் தெரியவில்லை என்று இஞ்சினியர் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சொல் அவர் வாயில் வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. எழுந்து நின்றார். "கழித்தல்," என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டார். "சிற்பி என்ன செய்றான்? கல்லைக் கழிக்கிறான். இந்த ஊர்ல நான் என்ன செஞ்சேன்? சிமெண்ட்டைக் கழிச்சேன். மாயெஸ்த்ரோ இன்னிக்கு இசையிலேருந்து வியோலாவைக் கழிக்கிறார். இதெல்லாம் பெரிய மனசு இருக்கறவங்களுக்குத்தான் தோணும்."

"நான் திங்கட்கிழமையே உணர்ந்தேன்," என்றார் நோட்டரி எர்மான்னோ. "நடுவுல ஏதோ கொழுப்பு மாதிரி ஒண்ணு. சொல்ல மனசு வரலை." நீவெஸைப் பார்த்து, "உங்களைச் சொல்லலைங்க, கருவியைச் சொல்றேன்," என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஆனா முதல் எட்டு ஆவர்த்தனம் வியோலா மட்டும்தானே?" என்றாள் தோஸ்கா. மேஜையில் அவள் ஒருத்திக்குத்தான் எண்ணத் தெரிந்திருந்தது.

"மௌனம்!" இஞ்சினியரின் புன்னகை காதைத் தொட்டது. "எட்டு ஆவர்த்தனம் நீங்க மூணு பேரும் அசையாம உட்காருங்க. எழுநூறு வருஷத்துக் கல்லு வாசிக்கட்டும்."

மேஜை கைதட்டியது. வரி வக்கீல் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீவெஸ் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். வெள்ளிக்கிழமை ஒத்திகையில் மாயெஸ்த்ரோ மூன்றாம் ஆவர்த்தனத்தில் இரண்டு தடவை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, அவளை ஒரு பார்வை பார்த்திருந்தார். அந்தப் பார்வைக்கு இதுதான் அர்த்தம் போலிருக்கிறது. தோல் பதனிடுபவன் வீட்டில் வியோலாவைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள், மூடினாள். நுழைவாயிலுக்கு வெளியே அவளுடைய பழைய பாண்டா கார் நின்றது. ஐந்தரைக்குள் கிளம்பிவிட்டால் யார் முகத்திலும் முழிக்க வேண்டாம்.

ஐந்தே காலுக்கு ஆர்ஜியா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கல்லில் சுட்ட ரொட்டிக்குள் கீரையும் பன்றித்தொத்திறைச்சியும் வைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"சாப்பிடு. வெறும் வயித்துல வண்டி ஓட்டாதே, நீ ஊருக்கே சொல்லிக்கொடுக்கறவ."

"பசிக்கலக்கா."

"எனக்கு மட்டும் என்ன, பசிக்குதா? கையைப் பாரு, வீங்கிப்போச்சு. ரெண்டு நாளா இஞ்சினியரோட வெல்வெட்டுத் திரையை இஸ்திரி போட்டுக்கிட்டிருக்கேன். எட்டு மீட்டர் உசரம். கோயில் மேடை முழுக்கத் தொங்கவிட்டிருக்கார். நாற்காலி மெத்தைக்கும் அதே துணி. ஆச்சரியம் குடுக்கணுமாம், யாருக்கும் சொல்லக்கூடாதாம், சாவியக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியறார். நோட்டீசுல மட்டும் படம் போட்டிருக்காராம், பெருஜியா பூரா ஒட்டியாச்சாம்."

"என்ன நிறம்க்கா?"

"கத்திரிப்பூ நிறம்."

அவள் சொன்னது அவர்கள் பாஷையில், அந்தப் பாஷையில் கத்திரிப்பூ நிறத்துக்கும் 'வியோலா' என்றுதான் பெயர்.

நீவெஸ் ரொட்டியைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றாள். மேடை ஏறுகிறவர்களுக்கு அந்த நாட்டில் அதைவிட ஆகாத நிறம் கிடையாது. ஒரு காலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாற்பது நாளும் பாதிரியார்கள் அந்த நிறத்தில் அங்கி போடுவார்கள், நாடகக் கொட்டகைகளை இழுத்து மூடுவார்கள், கூத்தாடிகள் பட்டினி கிடப்பார்கள். அந்தப் பசி இன்னும் தீரவில்லை. அந்த நிறத்தில் கைக்குட்டை ஒன்று மேடையில் கிடந்தால்கூடப் பாட்டுக்காரர்கள் திரும்பிப் போய்விடுவார்கள்.

"அக்கா, மாயெஸ்த்ரோ போன்ல என்ன சொன்னார்? 'லா வியோலா'வா, 'இல் வியோலா'வா?"

'லா' என்று பெண்பாலில் சொன்னால் கருவி. 'இல்' என்று ஆண்பாலில் சொன்னால் நிறம்.

"அடுப்புல பாஸ்தா பொங்கிக்கிட்டிருக்கு, அந்தாளு காதுல அலறுறான். நான் ஆம்பளையா பொம்பளையான்னு பாத்துக்கிட்டிருப்பேனா? 'வியோலா கூடாது'ன்னான், எழுதிட்டேன். அப்புறம் 'இரும்பைத் தொடு, இரும்பைத் தொடு'ன்னு மூணு தடவை கத்தினான். இஸ்திரிப் பெட்டியைத்தான் சொல்றான்னு நெனச்சு, 'எல்லாம் போட்டு முடிச்சாச்சுங்க'ன்னேன். வச்சுட்டான்."

துரதிர்ஷ்டம் கண்ணில் பட்டால் அங்கே இரும்பைத் தொடுவார்கள். பெருஜியாச் சுவரில் அந்த நோட்டீசை மாயெஸ்த்ரோ பார்த்திருக்கிறார். நீவெஸ் ஆர்ஜியாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், ரொட்டியில் பாதியை ஒரே கடியில் உள்ளே தள்ளினாள், வியோலாப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினாள். மூச்சிரைக்க ஆர்ஜியாவும் பின்னால்.

சதுக்கத்தில் இஞ்சினியர் நின்றிருந்தார். தொலைக்காட்சிக்காரப் பெண் ஒருத்தி ஒலிவாங்கியை நீட்டியிருந்தாள், கேமரா ஓடிக்கொண்டிருந்தது, விருந்தாளிகள் வட்டமாக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். "…ஐரோப்பாவுலயே முதல்முறையா, வியோலா இல்லாத நால்வர் இசை. கழித்தல்ங்கற தத்துவத்தை நாங்க இங்கதான்…"

"இஞ்சினியரே! ஒரு நிமிஷம். அது கருவியில்ல, நிறம்!"

"எது?"

"மாயெஸ்த்ரோ வேணாம்னது. 'லா' இல்ல, 'இல்'. உங்க திரையைத்தான் சொல்லியிருக்கார்!"

இஞ்சினியர் அவளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், தன்னைச் சுற்றி நின்ற தலைகளைப் பார்த்தார். புன்னகை விரிந்தது. "சிஞோரா, உங்க வலி எனக்குப் புரியுது. ஆனா மாயெஸ்த்ரோவோட ரசனை எனக்கு முப்பது வருஷப் பழக்கம்." மாயெஸ்த்ரோ அவருக்கு அறிமுகமாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. "அந்தத் திரை பதினஞ்சாம் நூற்றாண்டு. அதைப் போய் யாராவது வேணாம்பாங்களா?"

"பின்பக்கம் 'அவசர வழி'ன்னு தச்சிருக்கே, இஞ்சினியரே," என்றாள் ஆர்ஜியா. "ஏதோ சினிமாக் கொட்டகைத் திரை. நான்தானே இஸ்திரி போட்டேன்."

தொலைக்காட்சிப் பெண்ணின் உதடு துடித்தது. இஞ்சினியர் கழுத்திலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டினார். "அஞ்சரை ஆச்சு. கதவைத் திறக்கப்போறேன். எல்லாரும் வாங்க." வட்டம் அப்படியே அவர் பின்னால் நகர்ந்தது. நோட்டரி எர்மான்னோ மட்டும் திரும்பி, "தோல்வியை ஏத்துக்கறதும் ஒரு கலைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீவெஸ் கீழ்நோக்கி ஓடினாள். கல் படிகள் நூற்றுப்பத்து. வியோலாப் பெட்டி முதுகில் குதித்தது. நுழைவாயிலுக்கு அவள் போய்ச் சேரவும் வாடகைக் கார் ஒன்று வளைவில் ஏறி வரவும் சரியாக இருந்தது. மாயெஸ்த்ரோ வயலினை மார்போடு அணைத்தபடி இறங்கினார்.

"இங்க என்ன பண்றே? போய்ச் சுதி சேத்து வை!"

"நான் வாசிக்கக்கூடாதுன்னு நீங்க சொன்னதா மேல சொல்றாங்க, மாயெஸ்த்ரோ. மேடையில வியோலா கூடாதுன்னு."

கிழவர் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. "இல்! இல் வியோலா! இல்! நீ இல்லாம முதல் எட்டு ஆவர்த்தனத்தை யாரு வாசிப்பா? அந்தக் குழாய்க்காரனா?"

"கல்லு வாசிக்குமாம்."

"எது?"

"அதை விடுங்க. அப்ப வெள்ளிக்கிழமை என்னை நிறுத்தி நிறுத்திப் பாத்தீங்களே?"

"நல்லா இருந்துச்சு, பாத்தேன். நல்லாயிருந்தா பாக்கக்கூடாதா?" என்றவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "சரி, அந்தத் துணியைக் கழட்டிட்டாங்களா?"

நீவெஸுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல."

மாயெஸ்த்ரோ திரும்பிக் காரில் ஏறினார், கதவைச் சாத்தினார். "பெருஜியா! சீக்கிரம்!"

எஞ்சின் உறுமியது. நீவெஸ் காருக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள். "பிரேக்!" என்று கத்தினாள். "கிளட்ச்சை மிதி! கியரை எடு! கையை ஸ்டியரிங்கிலேருந்து எடு!"

வழுக்கைத் தலை டிரைவர் சொன்னதையெல்லாம் வரிசையாகச் செய்தார். பிறகுதான் கண்ணாடி வழியாக உற்றுப் பார்த்தார். "நீவெஸ் டீச்சரா! ரெண்டு தடவை என்னை ஃபெயில் பண்ணினீங்களே!"

"இப்ப நகந்தா மூணாவது தடவை!" ஜன்னல் பக்கம் வந்தாள். "மாயெஸ்த்ரோ, பத்து நிமிஷம். அந்த நிறத்துல மேடையில ஒரு நூல் இருக்காது. நான் பாத்துக்கறேன்."

மாயெஸ்த்ரோ கார்க் கதவின் இரும்புப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். "அஞ்சு நிமிஷம்," என்றார்.

நூற்றுப்பத்துப் படியும் இப்போது மேல்நோக்கி. தேவாலயத்துக்குள் நூறு பேர் உட்கார்ந்து எட்டு மீட்டர்க் கத்திரிப்பூவை வாய்திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீவெஸ் நடுவழியாக நேரே மேடைக்கு ஓடினாள். "ஆர்ஜியாக்கா! அந்தப் பக்கம் பிடிங்க!"

"ரெண்டு நாள் இஸ்திரிடீ!" என்று ஆர்ஜியா அலறினாள், ஆனால் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வளையங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன, திரை மொத்தமாகச் சரிந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு விழுந்தது. வெற்றுக் கல் சுவர் வெளியே வந்தது. பிறகு கைதட்டல் இடிந்தது.

"ஆரம்பமே அபாரம்!" என்றார் வரி வக்கீல்.

"கழித்தல்!" என்று இன்னொருவர் பக்கத்திலிருந்தவரின் தொடையில் தட்டினார்.

நாற்காலி மெத்தைகள் பக்கவாசல் வழியாகப் பறந்தன. நாலாவது மெத்தை பறக்கும்போது இஞ்சினியர் மேடைக்கு வந்தார். கையில் பதினோரு பக்க வரவேற்புரை. உடம்பில், இந்த மாலைக்கென்றே தைத்த வெல்வெட் கோட்டு. அதே துணி, மிச்சம் இருந்ததாம். "என்ன அநியாயம்!" என்று அவர் வாயைத் திறக்கவும் மாயெஸ்த்ரோ வாசலில் தோன்றவும் சரியாக இருந்தது.

மாயெஸ்த்ரோ கண்ணை மூடிக்கொண்டார். ஒரு கையை நீட்டி, மூடிய கண்ணோடே, இஞ்சினியரைச் சுட்டினார். "அது இன்னும் நிக்குது."

"நானா?"

"அதுதான் வியோலா. மேடையில கூடாது. மத்தியானமே சொன்னேன்."

"கோட்டைக் கழட்டுங்க, இஞ்சினியரே!" என்றாள் தோஸ்கா. அவர் அவசரமாகக் கழற்றினார். உள்ளே சட்டையும் அதே நிறம். சட்டைப் பொத்தானில் கை வைத்தவர், கேமராவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். எங்கே வரை போகும் என்று அவருக்கே நிச்சயமில்லை போலிருந்தது. ஆர்ஜியா அவர் முழங்கையைப் பிடித்து, பெரிய வீட்டு நோயாளியை நடத்துவதுபோல் பாதிரியார் உடை மாற்றும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். வரவேற்புரையும் கூடவே போனது. நூறு பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் அத்தனை வருஷத்தில் வாங்கிய கைதட்டல்களில் அதுதான் பெரியது, அவர் பார்க்கத்தான் கொடுத்துவைக்கவில்லை.

நாலு பேரும் உட்கார்ந்தார்கள், மெத்தையில்லாத வெறும் மரத்தில். "நான் அப்பவே சொன்னேன், வியோலா இல்லாம இது நிக்காதுன்னு," என்று நோட்டரி எர்மான்னோ அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். படி ஏறிய இளைப்பு இன்னும் நீவெஸின் நெஞ்சில் அடித்தது, புறங்கையில் கீரை ஒட்டியிருந்தது, முடியில் எந்தக் காலத்துச் சினிமாத் தூசியோ. வில்லை எடுத்தாள். மாயெஸ்த்ரோ அவளை ஒரு பார்வை பார்த்தார், இந்தமுறை அர்த்தம் தெரிந்த பார்வை.

முதல் சுரம் கரகரத்தது. கரகரத்தாலும் நின்றது. இரண்டாவது அதன்மேல் ஏறியது. மூன்றாம் ஆவர்த்தனத்தில் அந்தத் தடித்த குரல் கல் சுவரில் மோதித் திரும்பி வந்து அவள் முகத்திலேயே பட்டபோது, இத்தனை சத்தம் தன்னிடமிருந்தா வருகிறது என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. யாரும் இருமவில்லை. ஐந்து, ஆறு. மூச்சு சரியாகிவிட்டது, வில் தானாக ஓடியது. ஏழு. எட்டு.

இப்போது செல்லோ உள்ளே வர வேண்டும். வரவில்லை. நோட்டரி எர்மான்னோ வில்லை அந்தரத்தில் பிடித்தபடி, வாய் கொஞ்சம் திறந்திருக்க, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எண்ண மறந்துவிட்டார். மாயெஸ்த்ரோவின் புருவம் நெற்றி உச்சிக்குப் போனது.

நீவெஸ் வில்லை நிறுத்தவில்லை. எட்டு பதினாறு ஆவதில் அவளுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. முதல் ஆவர்த்தனத்துக்கே திரும்பிப் போய், இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தாள்.